சபையில் எந்த ஊழியம் எனக்கு? பாடகர் குழு முதல் கமிட்டி வரை ஓர் ஒப்பீடு

மாற்றலாகிப் புது ஊருக்கு வந்து, பழைய சேகரத்து (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்து) கடிதத்தைக் கொடுத்து, சபைப் பதிவேட்டில் பெயர் ஏறியாயிற்று. அல்லது, திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டு முழு உறுப்பினராகும் சடங்கு) முடிந்து பல வருடமாகியும் ஞாயிறு வருவது, உட்காருவது, போவது என்பதோடு நிற்கிறது. ஏதாவது செய்ய வேண்டும் என்ற பாரம் மனதில் இருக்கிறது. எதைச் செய்வது என்பதில்தான் குழப்பம். அப்படிப்பட்டவர்கள் முன்னால் இருக்கும் வாய்ப்புகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறோம். களம், தமிழ்நாட்டில் எந்த மாவட்டத் தலைநகரிலும் காணக்கூடிய ஒரு நடுத்தர சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் பொறுப்புகளின் பெயர் கொஞ்சம் மாறும், வேலை மாறாது.

வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, 'உங்கள் வரத்தைக் கண்டுபிடியுங்கள்' என்பது. ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4 ஆகிய அதிகாரங்களில் உள்ள வரங்களை வரிசையாக எழுதி, கேள்வித்தாள் கொடுத்து, மதிப்பெண் கூட்டிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே நாலைந்து வேலை செய்து பார்த்தவருக்கு அது பயன்படும். எதையுமே தொட்டுப் பார்க்காதவர் அந்தத் தாளில் தன் ஆசையைத்தான் டிக் அடிப்பார். மேடை பிடித்தவருக்குப் 'போதிக்கும் வரம்' என்று வரும், கூச்ச சுபாவம் உள்ளவருக்கு எல்லாக் கட்டத்திலும் பூஜ்ஜியம் வரும். இரண்டுமே தப்பான விடைகள்.

நாங்கள் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. இந்த வேலையை நான் நடுவில் விட்டுவிட்டால் யாருக்கு எவ்வளவு அடி விழும்? அடி குறைவாக விழும் இடத்தில் முதலில் நுழையுங்கள். குழந்தைகள், வியாதியஸ்தரின் அந்தரங்கம், சபையின் பணம் ஆகிய மூன்றும் கை மாறும் இடங்களுக்குப் பிறகு போகலாம். உதவிக்காரர்கள் முதலில் சோதிக்கப்பட வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3:10 சொல்வது இதே ஒழுங்கைத்தான்.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு உண்டு. திங்கள் முதல் சனி வரை ஒரு தாளில் எழுதி, வேலை, பயணம், சமையல், பிள்ளைகளின் டியூஷன், வயதான பெற்றோருக்கான நேரம் எல்லாவற்றையும் கழியுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சுகிறவருக்கும் ஐந்து மணி நேரம் மிஞ்சுகிறவருக்கும் ஒரே ஊழியம் பொருந்தாது. ஷிப்ட் வேலையில் இருப்பவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாக வேண்டிய பொறுப்பை ஏற்றால், மூன்றாம் மாதமே 'அவர் பொறுப்பில்லாதவர்' என்ற பெயர் வாங்கிவிடுவார். குற்றம் அவருடைய அட்டவணையில், ஆனால் பேச்சு அவருடைய பக்தியைப் பற்றி நடக்கும்.

மைக்கும் திரையும்

நுழைவதற்கு மிக எளிய கதவு இது, வாலிபர்களுக்கு ஏற்றது. ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வர வேண்டும், முடிந்த பிறகு அரை மணி நேரம் இருக்க வேண்டும். வீட்டில் செய்யும் வேலை, அந்த வாரப் பாடல்களையும் வேத பாடங்களையும் திரைக்கு ஏற்றுவது மட்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். மைக் கூவுகிறது என்றால் பெரும்பாலும் அது ஸ்பீக்கருக்கு எதிரே இருக்கிறது, அல்லது பேசுகிறவர் தள்ளி நிற்பதால் ஒலி அளவை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அளவைக் குறைத்து, மைக்கை வாயிலிருந்து நான்கைந்து விரற்கடைக்குள் கொண்டு வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கம்பியில்லா மைக்கின் பேட்டரியைப் பிரசங்கத்துக்கு நடுவில் மாற்றுவதைவிட, ஆராதனைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. திரையில் நான்கு வரிக்கு மேல் போட்டால் கடைசி பெஞ்சில் இருக்கும் பாட்டிக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. மிக்சர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஆராதிக்க முடியாது, ஒவ்வொரு நிமிடமும் காது வேறு வேலையில் இருக்கும். ஆகவே குறைந்தது இரண்டு பேர் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மாறி மாறி இருக்கும் சபையில் மட்டும் இதில் சேருங்கள். தனி ஆளாக இருந்தால், இரண்டு வருடம் திருவிருந்துக்குக்கூட (அப்பமும் திராட்சரசமும் பெறும் சடங்குக்குக்கூட) ஓடி வந்து ஓடிப் போகிறவராக ஆகிவிடுவீர்கள்.

பாடகர் குழு

குரல் இருந்தால் போதும் என்று நினைத்துச் சேர்கிறார்கள். குரலைவிடச் சனிக்கிழமை மாலை முக்கியம். வாராந்திரப் பயிற்சி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். டிசம்பர் பாடல்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடுவார்கள். அதன்பின் கேரல் ஆராதனை, இரவில் வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் விடிகாலை ஆராதனை. பெரிய வெள்ளியன்று பகல் 12 முதல் 3 வரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் இடையே பாடல், அடுத்த நாள் பயிற்சி, ஞாயிறு விடியுமுன் உயிர்த்தெழுதல் ஆராதனை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

சேருமுன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, குழு நான்கு குரலில் பாடுகிறதா, ஒரே குரலில் பாடுகிறதா? சொப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் என்று பிரித்துப் பாடும் குழுக்களில் சோல்ஃபா (சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை) படிக்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பாடுவதைக் கேட்டுப் பிடிக்க ஆறு மாதம் ஆகும், அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. இரண்டு, நம் ராகத்தில் அமைந்த கீர்த்தனைக்கு அந்தக் குழு என்ன மரியாதை கொடுக்கிறது? கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமலேயே ஆங்கிலப் பாட்டு மெட்டின் வேகத்தில் ஓட்டிவிடும் குழுக்கள் உண்டு. பாமாலையும் (மேல்நாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளும்) கீர்த்தனையும் சம அக்கறையோடு பாடப்படும் குழுவில்தான் சபை முழுவதும் சேர்ந்து பாடும். சபையைப் பாட வைப்பதுதான் பாடகர் குழுவின் வேலை. சபை வாய்மூடிக் கேட்கும்படி பாடுகிற குழு எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் தன் வேலையைச் செய்யவில்லை.

விட்டுப் போனால் விழும் அடி சிறியது. ஒரே டெனாராக இருந்தால் மட்டும் கொஞ்சம் பெரியது. பிளவு வருவது இசையால் அல்ல. தனிப்பாட்டு யாருக்கு, முன்வரிசையில் யார், சேலை நிறம் என்ன என்பதில்தான் வரும். இதற்கெல்லாம் மனம் புண்படுகிறவர் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், வேறு இடம் பாருங்கள்.

வியாதியஸ்தரையும் வீட்டோடு இருப்பவரையும் சந்திப்பது

'எனக்கு எந்தத் தாலந்தும் இல்லை' என்று சொல்லும் பத்துப் பேரில் ஏழு பேரை நாங்கள் இங்கேதான் அனுப்புவோம். சபைகளில் ஆள் குறைவாக இருப்பதும் இங்கேதான். ரோமர் 12:8 வரங்களை அடுக்கும்போது, தலைமை ஏற்பவருக்கு அடுத்ததாக இரக்கம் செய்கிறவரை வைக்கிறது. உற்சாகத்துடன் செய்யும்படி சொல்கிறது. பேச்சுத் திறமை தேவைப்படாத ஊழியம் இது. வாயைக் கட்டத் தெரிந்தால் போதும்.

நேரம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதில் இரண்டு சந்திப்பு முடியும். ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கும் பொருந்தும், ஏனென்றால் நாளை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை இதுதான். முதலில் போன் செய்து, 'நாலு மணிக்கு வந்தால் வசதிப்படுமா' என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியானால் பார்வை நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இருவராகப் போங்கள், அதற்கு மேல் வேண்டாம். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் போகவே கூடாது. கீமோதெரபியில் இருப்பவருக்குச் சாதாரணச் சளிகூட ஆபத்து. கட்டிலில் உட்காராமல், நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால், எப்போது போகலாம் என்று பார்ப்பது போலத் தெரியும். 'டாக்டர் என்ன சொன்னார்?' என்று கேட்க வேண்டாம். 'இன்றைக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் போதும், சொல்ல விரும்புவதை அவரே சொல்வார். உங்கள் மாமனாருக்கும் இதே வியாதி வந்து என்ன ஆனது என்ற கதை அங்கே வேண்டவே வேண்டாம். சங்கீதம் 121ல் எட்டு வசனம், 23ல் ஆறு வசனம், ஏதாவது ஒன்றை மெதுவாக வாசியுங்கள். ஜெபம் இரண்டு நிமிடம். சுகம் கேட்டு ஜெபியுங்கள், நாள் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த நாள் வந்து சுகம் வராவிட்டால், விசுவாசம் போதவில்லை என்ற பழியும் நோயாளி தலையில் ஏறும். பதினைந்து, இருபது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். கையில் எதைக் கொண்டு போனாலும் வீட்டாரைக் கேட்டுக் கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்குப் பழக்கூடை கொடுப்பது அன்பாகத் தெரிந்தாலும், சாப்பிட முடியாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் அவர்தான்.

அவர் திருவிருந்து கேட்டால் அன்றே ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் அதைக் கேட்கத் தயங்கி மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

இந்த ஊழியத்தைக் கெடுப்பது இரண்டு. ஒன்று கூட்டம். பத்துப் பேர் வார்டுக்குள் நுழைந்து பல்லவியும் சரணமுமாகப் பாடினால் பக்கத்துக் கட்டில்காரரும் நோயாளிதான் என்பது மறந்துபோகிறது. இரண்டாவது இன்னும் கொடியது. ஒருவர் கண்ணீரோடு சொன்ன விஷயம் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் 'ஜெபக் குறிப்பாக' வந்து விழுவது. மகளின் வரன் தட்டிப்போனது, மகனின் குடி, ஸ்கேன் முடிவு எல்லாம் இப்படித்தான் சபை முழுக்கப் பரவுகின்றன. சொன்னவரின் அனுமதி இல்லாமல் ஒரு பெயரும் ஒரு வியாதியும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. இதைக் காப்பாற்ற முடியாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

தொடர்ச்சிதான் இதன் உயிர். ஆப்பரேஷன் ஆன வாரம் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். மூன்றாம் மாதம் ஒருவரும் வரமாட்டார்கள். சாவு வீட்டிலும் அப்படியே; அடக்க ஆராதனைக்குக் கோவில் நிரம்பும், ஒரு மாதம் கழித்து அந்த விதவைத் தாயார் தனியாகத் தட்டு வைத்துச் சாப்பிடுவார். ஒரு சின்ன நோட்டில் பெயர், கடைசியாகப் பார்த்த தேதி, அடுத்த தேதி ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். வியாதியின் பெயரை எழுத வேண்டாம், நோட்டு தொலையலாம். ஒருவருக்கு நான்கு குடும்பத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் தேதிகள் நழுவத் தொடங்கும்.

ஓய்வுநாள் பள்ளி

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு இது. சபையின் எதிர்காலம் என்று எல்லோரும் பேசும் இடம், ஆள் கிடைக்காததால் பத்தாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளையிடம் ஒப்படைக்கப்படும் இடமும் இதுவே. போதகராக அநேகர் ஆசைப்பட வேண்டாம் என்று யாக்கோபு 3:1 எச்சரிப்பதைப் பிரசங்கபீடத்துக்கு மட்டும் பொருத்திவிட்டு, இருபது குழந்தைகளை யாரிடம் விடுகிறோம் என்று யோசிக்காமல் இருப்பது சரியல்ல.

வகுப்பு முக்கால் மணி நேரம். தயாரிப்பு இரண்டு மணி நேரம். மேயில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடக்கும் நாட்களில் காலை முழுவதும் போய்விடும். ஜூனில் ஏற்றால் அடுத்த ஏப்ரல் வரை விடக்கூடாது, ஏனென்றால் குழந்தைகள் பாடத்தைவிட ஆளைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே வருடத்தில் மூன்று டீச்சர் மாறிய வகுப்பில் வருகை குறைவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

தயாரிப்பு என்றால் என்ன? சகேயுவின் கதையை எடுத்துக்கொள்வோம், லூக்கா 19. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு மேல் கதை கேட்கமாட்டார்கள். ஆகவே ஐந்து நிமிடம் பாட்டு, ஐந்து நிமிடம் போன வார வசனம், பத்து நிமிடம் கதை, பத்து நிமிடம் நடித்துக் காட்டுதல், பத்து நிமிடம் புது வசனம், மீதி வருகைப் பதிவும் ஜெபமும். கதையில் ஒரே ஒரு செயலைப் பிடியுங்கள்: காட்டத்தி மரத்தில் ஏறியவரை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெஞ்சில் ஒருவன் ஏறி நிற்கட்டும், இன்னொருவன் கூப்பிடட்டும். வசனம் பத்தாவது. 'இழந்துபோனதைத் தேடவும்', 'இரட்சிக்கவுமே', 'மனுஷகுமாரன் வந்திருக்கிறார்' என்று மூன்றாக உடைத்துச் சொல்லிக் கொடுங்கள். அதே கதையைப் பன்னிரண்டு வயதுக்குச் சொல்லும்போது மரத்தை விட்டுவிட்டு எட்டாம் வசனத்துக்குப் போங்கள். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப. நூறு ரூபாய் ஏமாற்றியவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னால், மனந்திரும்புதல் என்பது அழுகையோடு முடிவதில்லை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும் டீச்சருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அங்கேதான் பெரிய பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கூடாது. எந்த வகுப்பிலும் உறவினரல்லாத இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், கழிப்பறைக்கு ஒரு பிள்ளையை ஒரு பெரியவர் தனியே கூட்டிப் போகக்கூடாது. பிள்ளைக்குப் பாலியல் துன்பம் நடந்ததாகத் தெரிந்தால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். 'சபைப் பெயர் கெடும், நமக்குள் பேசி முடிப்போம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098 வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கட்டும். இந்த ஒழுங்குகளைக் கேட்டால் முகம் சுளிக்கும் சபையில் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம்.

காணிக்கை எண்ணுவதும் கணக்கும்

வங்கி, அலுவலகக் கணக்கு, கடை என்று எண்ணிப் பழகிய கைகளுக்கு இது பொருந்தும். ஆராதனைக்குப் பிறகு வெஸ்ட்ரியில் (கோவிலை ஒட்டிய அறையில்) முக்கால் மணி நேரம் போதும். எருசலேம் சபைக்கான பணத்தை எடுத்துச் செல்லும்போது, ஒருவனும் குற்றம் சொல்லாதபடிக்குப் பவுல் தீத்துவோடு வேறொரு சகோதரரையும் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21). அந்த ஒழுங்கு இன்றைக்கும் மாற்றமில்லாமல் செல்லும்.

உறவில்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும், ஒருவர் எண்ணியதை மற்றவர் மறுபடி எண்ண வேண்டும். நோட்டு வகை வாரியாகச் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, எண்ணிய தொகை முழுவதும் அடுத்த வேலை நாளில் வங்கிக்குப் போக வேண்டும். கோவில் மின்சார பில்லை அந்தக் காணிக்கைப் பணத்திலிருந்தே கட்டிவிட்டு மீதியைப் போடுவதுதான் எல்லாத் தகராறுக்கும் முதல் படி. பிறகு எந்த ஆடிட்டராலும் பெட்டிக் காணிக்கைக்கும் பாஸ் புத்தகத்துக்கும் கணக்கு நேர்ப்படுத்த முடியாது.

அறுப்பின் பண்டிகையில் படைத்த விளைபொருள்களை ஏலம் விடுவது தனித் தலைவலி. உற்சாகத்தில் ஒரு பூசணிக்காய் ஐயாயிரத்துக்குப் போகும், பணம் வருவது பொங்கல் கழித்து. பெயர், பொருள், தொகை, செலுத்திய தேதி என்று அன்றே எழுதாவிட்டால் பாதி வசூலாகாது. வசூலானதும் யாரிடம் வந்தது என்று தெரியாது. வெளிநாட்டுப் பணத்திலும் கவனம் தேவை. துபாயில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அதே ஊர்ப் பிள்ளை அனுப்புவது ஆகும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதியும் அதற்கான தனிக் கணக்கும் இல்லாமல் அதை வாங்கக்கூடாது.

சேர்ந்து ஒரு வருடமாவது ஆன பிறகு இதற்கு வாருங்கள். யார் எவ்வளவு கவரில் போட்டார் என்பது தெரிந்துவிடும் இடம் இது, அந்தத் தெரிதல் உங்களோடேயே நிற்க வேண்டும்.

கமிட்டி

புதிதாக வந்தவர், படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர் என்றால் சிலர் வீட்டுக்கே வந்து, 'தம்பி, இந்தத் தடவை நில்லுங்கள்' என்பார்கள். வேண்டாம். மூன்று வருடப் பொறுப்பு அது. கட்டிடம், பள்ளிக்கூட நியமனம், கல்லறைத் தோட்ட நிலம், வழக்கு எல்லாம் அங்கே வரும். பல சேகரங்களில் தேர்தல் குடும்ப எண்ணிக்கையிலும், சொல்ல வலித்தாலும், சாதி எண்ணிக்கையிலும் நடக்கிறது. உங்களை அழைப்பவர் உங்கள் ஊழியத்தை அழைக்கிறாரா, ஒரு ஓட்டை அழைக்கிறாரா என்பது வந்த முதல் வருடத்தில் உங்களுக்குத் தெரியாது. மேலே சொன்னவற்றில் ஒன்றை ஒரு முழு கமிட்டிக் காலத்துக்குச் செய்துவிட்டு வந்தால், வியாதியஸ்தர் வீடும் ஓய்வுநாள் பள்ளியின் ஒழுகும் கூரையும் பார்த்த ஆளாக உள்ளே போவீர்கள். கமிட்டிக்குத் தேவை அப்படிப்பட்ட ஆட்கள்தான்.

வெளியே போக முடியாதவர்கள், முழுநேரத்துக்குத் துடிப்பவர்கள்

படுக்கையில் இருக்கும் தாயாரை விட்டு நகர முடியாதவர், கைக்குழந்தை உள்ளவர் ஆகியோருக்கு மிஷனெரி ஜெபக்குழு உண்டு. 1903இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், தமிழ்க் கிறிஸ்தவர்களின் சிறு காணிக்கையாலும் ஜெபத்தாலும் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிய சங்கம். ஒரு பணித்தளத்தின் கடிதத்தை வாசித்து, பெயர் சொல்லி ஜெபித்து, மாதம் ஒரு தொகை அனுப்புவதை வீட்டில் இருந்தே பதினைந்து வருடம் விடாமல் செய்யலாம்.

முழுநேர அழைப்பு உண்டு என்று நினைப்பவர் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களைப் பற்றி விசாரிக்கும் முன், தன் சொந்த சபையில் இரண்டு வருடம் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்திருக்க வேண்டும். வேலை பிடிக்காததையும் அழைப்பையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

சேருவதும் விடுவதும்

ஐயரிடம் 'எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்' என்று சொல்லாதீர்கள், காலியாக இருக்கும் இடத்தில் போடுவார். 'வாரத்துக்கு எனக்கு இரண்டு மணி நேரம் உண்டு, மூன்று மாதம் சந்திப்புக் குழுவில் இருந்து பார்க்கிறேன், பிறகு வந்து பேசுகிறேன்' என்று சொல்லுங்கள். ஒரே நேரத்தில் ஒன்று போதும். நன்றாகச் செய்கிறவர் மேல் நாலாவது பொறுப்பையும் ஏற்றி, இரண்டு வருடத்தில் அவரைக் கோவிலுக்கே வராதவராக ஆக்கிவிட்ட சபைகள் அநேகம்.

மூன்று மாத முடிவில் மூன்று பேரைக் கேளுங்கள்: அந்தக் குழுவின் தலைவரை, உங்கள் வீட்டாரை, அந்த ஊழியத்தைப் பெற்றுக்கொண்டவரை. மூன்றாமவர் சொல்வதற்கே எடை அதிகம்.

விடுவதானால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, அடுத்தவரைக் கூடவே வைத்துக்கொண்டு நான்கு ஞாயிறு செய்யுங்கள். வகுப்பானால் பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் போன் நம்பர், எந்தப் பாடம் வரை முடிந்தது என்பதை எழுதிக் கொடுங்கள். சந்திப்புக் குழுவானால் உங்கள் நான்கு வீடுகளுக்கும் புது ஆளை நீங்களே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள். நோட்டை மட்டும் கொடுத்து அனுப்பினால், அந்த வீட்டுக் கதவு அவருக்கு அவ்வளவு எளிதில் திறக்காது.